பஸ்ஸில் ஏறி வந்த மோட்டார்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடி வழியாகத் தருமபுரிக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றில் பல வருஷமாக வேலைக்குப் போய்வருகிறேன். அதன் டிரைவர் அறிவழகனை எங்கள் வழியில் தெரியாதவர் கிடையாது. ரோட்டில் ஆடு படுத்திருந்தால் அவர் ஹாரன் அடிக்க மாட்டார். வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "எந்திரிம்மா, எல்லாருக்கும் ஆபீசுக்கு நேரமாச்சு" என்பார். ஆடு யோசித்து எழுந்து போகும். நாங்கள் சிரித்துக்கொண்டே தாமதமாகப் போய்ச் சேருவோம்.

அவருக்கு ஒருநாள் வண்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். அறிவழகன் லேத் ஓட்டுவார்.

டிரைவர் வேலைக்கு வருமுன் சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் கொஞ்ச காலம் கடைசல் வேலை பார்த்திருக்கிறார். சுழலும் இரும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் உரிந்து விழுவதைப் பார்த்தால் போதும், அவருக்குச் சோறு வேண்டாம். அப்பா போனபின் குடும்பத்துக்கு நிலையான வருமானம் வேண்டுமென்று பஸ்ஸுக்கு வந்துவிட்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு பழைய சின்ன லேத் விலைக்கு வந்தபோது வாங்கி, மினி லாரியில் ஏற்றிவந்து, வீட்டுக்குப் பின்னால் ஆடு கட்டியிருந்த தகரக் கொட்டகையில் இறக்கிவிட்டார். ஆடுகள் வேப்பமரத்தடிக்கு இடம் மாறின.

அந்த லேத்தில் அவர் தையல் மிஷினில் தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் புதுசு கடைந்து தருவார். சைக்கிள் பெடலுக்கு அச்சு செய்வார். வேலை எதுவும் இல்லாவிட்டால் பித்தளையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் கடைந்து பளபளவென்று துடைத்து ஜன்னலில் வரிசையாக வைப்பார். எதற்கு என்று கேட்டால், "சும்மா, பாக்க நல்லாருக்குதில்ல?" என்பார்.

அவருடைய அம்மா காவேரியம்மாவுக்கு மட்டும் அந்த லேத்தைப் பார்த்தாலே கோபம் வரும். மகனுக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பது அவர் முடிவு. பெண் வீட்டார் ஒருமுறை மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். அறிவழகன் அவர்களை உட்காரச் சொல்வதற்குப் பதிலாக நேரே கொட்டகைக்குக் கூட்டிப்போய், லேத்தை ஓட்டிக் காட்டி, சூடாக ஒரு இரும்புச் சுருளைப் பெண்ணின் தாய்மாமன் கையில் கொடுத்திருக்கிறார். மாமன் அலறிய அலறலோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

"எம் மவன் அதுக்கே தாலி கட்டிட்டான்" என்று காவேரியம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கும் ஒரு தொழில் இருந்தது. இட்லி மாவு ஆட்டி விற்பார். சாயங்காலம் ஆனால் தெருப் பெண்கள் தூக்குப்போசியோடு வாசலில் நிற்பார்கள். போன பொங்கலுக்குப் பிறகு வியாபாரம் பெருகி, பழைய கிரைண்டரைத் தள்ளிவிட்டு, கடைகளில் வைத்திருப்பதுபோல் பெரிய கிரைண்டராக வாங்கிப் போட்டிருந்தார்.

லேத்துக்குச் சீக்கு வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து.

ஒரு ஓய்வு நாள் சாயங்காலம் அறிவழகன் சுவிட்சைப் போட்டார். மோட்டார் "ம்ம்ம்..." என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. அணைத்துவிட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கு என்ற பிடியைக் கையால் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய்போல் சுற்றியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் போட்டார். அப்போதும் முனகல். லேத்தில் கோளாறு இல்லை, மோட்டாரில்தான் என்று தெரிந்துவிட்டது. சுவிட்ச் போட்டபடியே மோட்டாரின் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். சட்டென்று பிடித்துக்கொண்டு ஓடியது.

இந்த வைத்தியம் சில நாள் நடந்தது. ஒருநாள் சட்டைக் கையைச் சக்கரம் இழுத்துக் கிழித்தது. விரல் தப்பியது பெரிய காரியம். மறுநாள் காலையில் மோட்டாரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் தன் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின்மேல் உட்காரவைத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றுதான் நாங்கள் அந்த மோட்டாரை முதலில் பார்த்தோம்.

பொம்மிடியில் ரயில்வே ஸ்டேஷன் போகிற ரோட்டில் சுசித்ரா ஒரு மோட்டார் கடை வைத்திருந்தார். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர். கிணற்று மோட்டாருக்குக் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் கட்டுவதில் கெட்டிக்காரி. கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்து, அந்த வாழ்க்கை சரிப்படாமல், முறையாக விலகி வந்து, தானே கடை போட்டு நிமிர்ந்தவர். முப்பத்தெட்டு வயசு. சிரித்த முகம், கறாரான பேச்சு.

வண்டி பொம்மிடியில் நின்ற இடைவெளியில் அறிவழகன் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"தள்ளி விட்டா ஓடுது, இல்லாட்டி முனகுதுங்க" என்றார்.

சுசித்ரா அவருடைய கிழிந்த சட்டைக் கையைப் பார்த்தார். "கரண்ட்ல இருக்கும்போது கைய வெச்சுத் தள்ளுனீங்களா?"

"ஆமாங்க."

"ஸ்டீரிங் புடிக்கிற கைதானே அது? உங்க பஸ்ஸுல எங்க ஊர்க்காரங்க எல்லாம் போறாங்க. விரல் போச்சுன்னா அவங்க கதி?"

அறிவழகன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். சுசித்ரா மோட்டாரின் முதுகில் இருந்த கண்டன்சரைக் கழற்றினார். நிற்கிற மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுக்கிற டப்பி அது. பலூன்போல உப்பியிருந்தது. "இதான் கோளாறு. சாயந்தரம் வாங்க."

சாயங்காலம் புதுக் கண்டன்சரோடு மோட்டார் அழகாக ஓடியது. மீண்டும் இன்ஜின் மூடிமேல் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஓய்வு நாள் சாயங்காலமே "டப்" என்று ஒரு சத்தம். கொட்டகை முழுக்கக் கருகல் நாற்றம். கண்டன்சர் வெடித்துவிட்டது.

மோட்டார் மறுபடி பஸ் ஏறியது.

தன் கையால் பார்த்த வேலை திரும்பி வந்தால் சுசித்ராவுக்குப் பிடிக்காது. முகம் சுருங்கிவிட்டது. இந்தமுறை மோட்டாரையே பிரித்தார். மோட்டார் வேகம் எடுத்ததும் கண்டன்சரை விலக்கிவிட உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதன் முனைகள் கருகியிருந்தன. "இது ஒட்டிக்கிட்டு விலகாம இருந்திருக்கு. அதான் கண்டன்சர் சூடேறி வெடிச்சிருக்கு" என்று புது சுவிட்சும் புதுக் கண்டன்சரும் போட்டார். கடையில் பாதி நாள் ஓட்டிப் பார்த்தார். நிறுத்தி, போட்டு, நிறுத்தி, போட்டுச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை.

ஊருக்குப் போன மோட்டாரில் ஒரே வாரத்தில் கண்டன்சர் மீண்டும் வெடித்தது.

இப்போது எங்கள் பஸ்ஸில் மோட்டாரைத் தெரியாதவர் இல்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் அதற்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். கண்டக்டர் கிருஷ்ணப்பன் மூத்தவர், வாய் நீளம். பொம்மிடி நெருங்கும்போது, "மோட்டார் எறங்குது, வழி விடுங்க! மாமியார் வூட்டுக்குப் போவுது!" என்று கத்துவார். வண்டியே சிரிக்கும். அறிவழகன் காது சிவக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, நான் ஒண்ணு கவனிச்சேன்" என்றார் கிருஷ்ணப்பன் ஒருநாள். "அந்தப் பொண்ணு என்னை அண்ணாங்குது. டீக்கடைக்காரரை அண்ணாங்குது. லைன்மேனை அண்ணாங்குது. உன்னை மட்டும் டிரைவர் சாருங்குது. ஏன்னு யோசிச்சியா?"

"நான் டிரைவர், அதான்" என்றார் அறிவழகன்.

கிருஷ்ணப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்தக் கேலி பஸ்ஸோடு நிற்கவில்லை. இறங்கிப் போய்க் கடைகளில் உட்கார்ந்துகொண்டது. 'டிரைவர் வேணும்னே மோட்டாரைக் கெடுத்து எடுத்துக்கிட்டு வராராம்' என்று யாரோ சுசித்ரா காதிலேயே போட்டுவிட்டார்கள். அடுத்தமுறை அறிவழகன் சாக்கு மூட்டையோடு இறங்கியபோது சுசித்ரா கடைக்கு வெளியிலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

"டிரைவர் சார், உண்மையச் சொல்லுங்க. மோட்டார் கெடுதா, நீங்க கெடுக்கிறீங்களா?"

அறிவழகன் மூட்டையைக் கீழே வைத்தார். "எங்க அம்மா சத்தியமா நான் கெடுக்கலீங்க" என்றார். அப்புறம், ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது, "ஆனா கெட்டா வருத்தமா இல்லீங்க" என்று சேர்த்துவிட்டார்.

சுசித்ரா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். கோபிப்பதா சிரிப்பதா என்று அவர் முகத்துக்கே தெரியவில்லை. "ஞாயித்துக்கெழமை நானே வூட்டுக்கு வரேன்" என்றார். "என் கடையில ஓடுற மோட்டாரு உங்க வூட்டுல மட்டும் ஏன் சாவுதுன்னு பாக்கணும்."

நடந்த மீதியை நான் இருவர் வாயாலும் பிற்பாடு கேட்டேன். காவேரியம்மா வாயால் அதிகமாகவே கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுசித்ரா டூல்ஸ் பையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஒரு பெண் தானாக மகனைத் தேடி வீட்டுக்கு வந்ததைப் பார்த்த காவேரியம்மா, யார் எவர் என்று கேட்பதற்கு முன்பே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டார். "மோட்டார் பாக்க வந்தேங்க அம்மா" என்றதும் முகம் கொஞ்சம் தொங்கியது. ஆனாலும் "மொதல்ல இட்லி சாப்புடு கண்ணு. மோட்டாரு எங்கியும் ஓடிப்போவாது" என்றார்.

சுசித்ரா புதுக் கண்டன்சரை மாட்டியதும் லேத்தை ஓட்டினார்கள். முதல்முறை போட்டதுமே கிண்ணென்று ஓடியது. அணைத்துப் போட்டார்கள், ஓடியது. ஒரு தடிமனான கம்பியை மாட்டிச் சீவினார்கள். சுருள் சுருளாக உரிந்தது. மதியம் வரை மோட்டார் ஒரு முனகல்கூட முனகவில்லை.

சுசித்ரா கைகளைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை போதும். வாழ்க்கையில் முதல்முறையாக அறிவழகன், மோட்டார் கெட்டுத் தொலைய வேண்டும் என்று மாதேசுவர சாமியை மனசார வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"நான் கெளம்புறேன்" என்றார் சுசித்ரா.

காவேரியம்மா விடவில்லை. சாப்பாடு, அப்புறம் பேச்சு. தன் கை வலி, மகனின் பிடிவாதம், பெண் வீட்டு மாமனின் கை சுட்ட கதை எல்லாம் வந்தது. அந்தக் கதையில் சுசித்ரா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டார். அதற்குள் பொழுது சாய ஆரம்பித்தது. "தோ, அரிசி ஊறிக் கெடக்குது, போட்டுட்டு வந்திர்றேன்" என்று காவேரியம்மா சமையலறைக்குப் போனார்.

கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று அறிவழகன் சுவிட்சைப் போட்டார்.

"ம்ம்ம்ம்..."

"அணைங்க, அணைங்க!" என்று சுசித்ரா கத்தினார். அணைத்தார். அறிவழகன் சந்தோஷத்தில் குதித்தே விட்டார். "பாத்தீங்களா! கெட்டுப்போச்சு! நான் சொன்னனில்ல!" சொந்த மோட்டார் கெட்டதற்கு அப்படிக் கூத்தாடிய ஆளை அந்த ஊர் பார்த்ததில்லை.

சுசித்ரா மீட்டரை எடுத்து வயரில் வைத்தார். காலையில் இருநூற்று முப்பது வோல்ட் காட்டிய இடத்தில் இப்போது இருநூறுகூட இல்லை. "இன்னொரு தடவ போட்டு ஒடனே அணைங்க" என்றார். போட்ட கணத்தில் முள் நூற்றைம்பதுக்கு விழுந்தது.

"உங்க ஊர்ல சாயந்தரம் கரண்டு இப்படித்தானா?"

"சாயந்தரமானா இந்த பல்பு மங்கும்ங்க. ஊருக்கே அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார் அறிவழகன். சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே வாசல் விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. சமையலறையிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம். தினமும் கேட்பதாலேயே காதில் விழாத சத்தம்.

"ஏங்க... இந்தக் கொட்டாய்க்கு லைன் சமையக்கட்டு பிளக்குல இருந்துதான் இழுத்திருக்கேன்" என்றார் மெதுவாக.

இருவரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதே பிளக்கிலிருந்து ஃபேனுக்குப் போடுகிற மெல்லிய வயர் ஒன்று ஜன்னல் வழியாக வெளியேறி, சுவரோரமாகக் கொட்டகைவரை போயிருந்தது. நடுவில் டேப் சுற்றிய ஒட்டு. சுசித்ரா தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"அம்மா, கிரைண்டரைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். நின்றது. அறிவழகன் கொட்டகைக்கு ஓடிப்போய் லேத்தைப் போட்டார். ஓடியது.

சுசித்ரா சுவரில் சாய்ந்து சிரித்தார். அந்த மெல்லிய வயர் வழியாகக் கிரைண்டருக்குப் போக மிச்சம்தான் மோட்டாருக்கு வந்திருக்கிறது. அரை வயிற்றுக் கஞ்சி. அதில் வேகம் எடுக்க முடியாமல் முனகியபடியே நிற்க, விலக வேண்டிய கண்டன்சர் விலகாமல் சூடேறிச் சூடேறி வெடித்திருக்கிறது. அவர் கடையில் தடிமனான லைன், அதனால் அங்கே ஒரு கோளாறும் தெரியவில்லை. "நான் மோட்டாருக்குள்ளயே தேடிக்கிட்டிருந்தேன். தப்பு என்னுதும்தான். மொத நாளே எந்த லைன்ல ஓடுதுன்னு கேட்டிருக்கணும்" என்றார்.

காவேரியம்மா கையில் மாவோடு நின்றார். "அப்ப இத்தினி நாளா அத நான்தான் கொன்னுக்கிட்டு இருந்தனா?"

"ஆமாங்க அம்மா."

"தெரிஞ்சிருந்தா தெனம் ரெண்டு வேளை ஆட்டியிருப்பேனே!"

அடுத்த ஓய்வு நாளில், மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்குத் தனியாகத் தடித்த வயர் இழுத்தார்கள். அதிகச் சூடானால் தானே நிறுத்திக்கொள்ளும் ஸ்டார்ட்டர் ஒன்றும் வைத்தார்கள். வயர் பிடிக்கும் கிளிப்புகளை அறிவழகனே வெட்டி வளைத்தார். சுசித்ரா ஏணியில் நின்று அடித்தார். எல்லாம் முடிந்து பெருமையோடு சுவிட்சைப் போட்டால் லேத் தலைகீழாக, பின்பக்கம் சுற்றியது. மரை போட்டு மாட்டியிருந்த சக்கு தானே கழன்று வர ஆரம்பிக்க, அறிவழகன் பாய்ந்து அணைத்தார். பேச்சு சுவாரசியத்தில் சுசித்ரா இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்திருந்தார்.

"இது யாரு கெடுத்தது?" என்றார் அறிவழகன்.

"அவசரத்துல நடந்திருச்சு. வெளிய சொல்லாதீங்க டிரைவர் சார்."

மறுநாள் பஸ்ஸே அதைப் பேசியது. சொன்னது காவேரியம்மா.

அதன்பிறகு மோட்டார் கெடவே இல்லை. அறிவழகன் லேத்தைப் போடுவார், அது ஓடும். அணைப்பார், நிற்கும். பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டும்போது பஸ் தானாக மெதுவாகும். சுசித்ரா காயில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பார், தலையசைப்பார், அவ்வளவுதான். இன்ஜின் மூடி காலியாகக் கிடந்தது. எங்களுக்கே என்னவோ போலிருந்தது. கிருஷ்ணப்பன்கூடக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

அப்படி ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் காலையில் பொம்மிடி ஸ்டாப்பிங்கில் சுசித்ராவே நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு சாக்கு மூட்டை, உள்ளிருந்து ஒரு இரும்பு அச்சு எட்டிப் பார்த்தது. டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"கெணத்து மோட்டார் ஷாப்ட்டு. பேரிங் உக்கார்ற எடம் தேஞ்சுபோச்சு. வெல்டு வெச்சு நெரப்பிட்டேன், கடைஞ்சு கொடுக்கணும். இதுவரைக்கும் சேலத்துக்கு அனுப்பிக்கிட்டிருந்தேன். உங்களால முடியுமா?"

"முடியும்ங்க" என்றார் அறிவழகன். மூச்சு விடாமல் அடுத்ததையும் சொன்னார். "இது ஒண்ணு மட்டுமா, இல்ல எப்பவுமே வருமா?"

"எப்பவுமேதான் வரும்னு நெனைக்கிறேன்."

"அப்ப நான் ஒண்ணு கேக்கலாமாங்க?"

சுசித்ரா பஸ்ஸைப் பார்த்தார். ஐம்பது தலைகள் ஜன்னல் வழியே நீண்டிருந்தன. "இத்தன பேரு முன்னாடியா?"

"தனியா கேக்க எனக்குத் தைரியம் வராதுங்க. இவங்க இருந்தாத்தான் வரும்."

"கேளுங்க."

"நம்ம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

சுசித்ரா முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆனது தெரியும்தானே? அங்க என்னைக் கடை வெக்க விடல. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. நான் கடைய மூட மாட்டேன்."

"மூடாதீங்க. மூடிட்டா நான் எங்க போயி நிப்பேன்?"

"உங்க அம்மாகிட்ட கேக்கணும்."

"அம்மாதாங்க ஒரு மாசமா என்னைத் தூங்க விடல."

அப்போதுதான் சுசித்ரா சிரித்தார். "சரி. மொதல்ல ஷாப்ட்டப் புடிங்க, கனமா இருக்குது" என்று மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். கிருஷ்ணப்பன் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். அன்று நாங்கள் எல்லோரும் ஆபீசுக்குத் தாமதம். காரணம் கேட்ட மேனேஜரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெண்ணின் அக்கா கலைமதி, தங்கைக்கு இரண்டாவது கல்யாணமாயிற்றே என்று அடக்கமாக நடத்தப் பார்த்தார். காவேரியம்மா கேட்கவில்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, எங்கள் பஸ் பயணிகள் அத்தனை பேருக்கும் தனிப் பந்தி வைத்தார்.

இப்போது சுசித்ரா தினமும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடி கடைக்குப் போய்வருகிறார். சுற்றுப்பட்டில் ஷாப்ட்டு தேய்ந்த மோட்டாரெல்லாம் இவர்களிடம்தான் வருகிறது. ஓய்வு நாளில் அவருக்கு லேத் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார் அறிவழகன். அறிவழகனுக்குக் காயில் சுற்றக் கற்றுக்கொடுக்க சுசித்ரா முயன்று, வீணான கம்பியைப் பார்த்துக் கைவிட்டுவிட்டார். போன வாரம் சுசித்ரா தன் கையாலேயே முதல்முறையாக ஒரு பித்தளைக் குமிழ் கடைந்தார். நடுமையம் கொஞ்சம் தவறிவிட்டது, ஒரு பக்கம் வீங்கியிருக்கும். அறிவழகன் அதைத் துணி அலமாரிக் கதவில் மாட்டியிருக்கிறார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "திருப்பிப் பாருங்க, நல்லாருக்குதில்ல?" என்று கேட்கிறார். நானும் போய்த் திருப்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளாடிக்கொண்டு திரும்பியது. நன்றாகத்தான் இருந்தது.